முதுமைக்கு நீதி வழங்கிய கலீஃபா உமர் (ரலி)

ஓர் அரசின் பெருமையை அது வென்ற நாடுகளைக் கொண்டும் எழுப்பிய மாளிகைகளைக் கொண்டும் அளப்பது உலக வழக்கம். அவ்வரசின் ஆட்சியில் உழைக்கும் வலிமை குன்றிய முதியோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று வினவுவோர் மிகச் சிலரே. இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக விட்டுச் சென்றவர் இரண்டாம் கலீஃபா ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள். பாரசீகத்தையும் உரோமையும் நடுங்கச் செய்த அம்மாவீரரை வரலாறு நன்கறியும். தளர்ந்த முதுமையின் முன்னே தலைதாழ்ந்து நின்ற உமரை (ரலி) நாம் அறிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடுமையில் விளைந்த கனிவு

கி.பி. 584ஆம் ஆண்டளவில், மக்கா நகரில், குறைஷிக் குலத்தின் அதீ கிளையில் உமர் (ரலி) பிறந்தார்கள். தந்தை கத்தாப் மிகுந்த கண்டிப்பு உடையவர். இளம் பருவத்தில் தஜ்னான் என்னும் இடத்தருகே தந்தையின் ஒட்டகங்களை உமர் மேய்த்தார்கள். வேலையில் குறை கண்டால் அடியும், குறையில்லாதபோது ஓயாத உழைப்புமே அச்சிறுவருக்குக் கிடைத்தன. பேரரசின் தலைவராகப் பின்னாளில் அவ்வழியே சென்றபோது, அந்நாட்களை நினைவுகூர்ந்து இறைவனுக்கு நன்றி செலுத்தினார்கள் என்பர் வரலாற்றாசிரியர்.

தந்தையின் அன்பை நிறையப் பெற்று வளர்ந்தவர் முதியோரைப் போற்றுவது இயல்பு. கடுமையை மட்டுமே கண்டு வளர்ந்த ஒருவர் முதியோரின் காவலராக மாறியது வியப்பிற்குரியது. கி.பி. 616ஆம் ஆண்டளவில் இஸ்லாத்தைத் தழுவிய பின்னர், பெருமானார் (ஸல்) அவர்களின் தோழமை அந்நெஞ்சைப் பண்படுத்திற்று. பெற்றோரின் முதுமையில் அவர்களைக் கடிந்து ஒரு சொல்லும் கூறலாகாது என்னும் திருமறைக் கட்டளை, அவர்தம் வாழ்வில் ஆட்சி முறையாகவே மலர்ந்தது.

இரவில் செய்த தொண்டு

முதற் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களின் காலத்தில் நிகழ்ந்ததாக ஒரு வரலாறு உண்டு. மதீனாவின் புறத்தே பார்வையிழந்த மூதாட்டி ஒருவர் துணையின்றி வாழ்ந்து வந்தார். அவருக்கு நீர் கொணர்ந்து, வீட்டு வேலைகளை முடித்துத் தர உமர் (ரலி) இரவில் செல்வது வழக்கம். ஆயின், அவர்கள் செல்லும் போதெல்லாம் வேறொருவர் முந்திக்கொண்டு அப்பணிகளை முடித்திருந்தார். அவர் யாரென அறிய ஓரிரவு மறைந்திருந்து பார்த்தபோது, வந்தவர் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களே என்பது தெரிந்தது. ஒரு மூதாட்டியின் குடிசையில் பணிசெய்ய நாட்டின் தலைவரும் அவருக்கு அடுத்த நிலையினரும் போட்டியிட்ட காட்சி இது!

கி.பி. 634இல் உமர் (ரலி) கலீஃபாவாகப் பொறுப்பேற்றார்கள். ஒருநாள் தோழர்களுடன் சென்றுகொண்டிருந்தபோது, கவ்லா (ரலி) என்னும் மூதாட்டி வழிமறித்து நெடுநேரம் அறிவுரை கூறலானார். சிறுவனாகத் திரிந்த காலத்தில் ஊரார் அழைத்த பெயரையும் நினைவூட்டி, மக்களின் பொருட்டு இறைவனை அஞ்சுமாறு எச்சரித்தார். உடன்வந்தோர் பொறுமையிழந்தனர். கலீஃபாவோ அசையாது நின்று, அவர் சொல்லி முடிக்கும் வரை செவிமடுத்தார்கள். முதியோருக்கு உணவும் உடையும் அளிப்போர் பலர். அவர்தம் பேச்சைக் கேட்க நேரம் அளிப்போர் அரியர்.

கருவூலத்தில் முதியோர் பங்கு

உமரின் (ரலி) பரிவு தனிமனித இரக்கத்தோடு நின்றுவிடவில்லை. அபூயூசுஃப் அவர்கள் இயற்றிய கிதாபுல் கராஜ் என்னும் நூல் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளது. பார்வையிழந்த முதியவர் ஒருவர் ஒரு வீட்டு வாயிலில் நின்று இரந்துகொண்டிருந்தார். கலீஃபா அவரை அணுகி வினவ, தாம் ஒரு யூதர் என்றும், ஜிஸ்யா வரியும் வறுமையும் முதுமையும் தம்மை இந்நிலைக்குத் தள்ளின என்றும் அவர் கூறினார். உமர் (ரலி) அவரது கரம்பற்றித் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று, இருந்ததை வழங்கினார்கள். பின்னர் பைத்துல்மால் பொறுப்பாளருக்கு ஆணை பிறப்பித்தார்கள். ஒருவரது இளமையின் உழைப்பை வரியாக நுகர்ந்துவிட்டு, முதுமையில் அவரைக் கைவிடுவது நீதியாகாது என்பதே அவ்வாணையின் சாரம். அம்முதியவருக்கும் அவரையொத்தாருக்கும் வரி நீக்கப்பெற்றது. கருவூலத்திலிருந்து உதவியும் அளிக்கப்பெற்றது.

இதன் நுட்பம் எண்ணத்தக்கது. பிச்சையாக அளிப்பதை ஈவோன் நிறுத்தலாம். நீதியாக அளிப்பதை அரசும் நிறுத்தலாகாது. சமய வேற்றுமை பாராது முதுமையையே தகுதியாகக் கொண்டு அவ்வுரிமை வழங்கப்பெற்றது.

பால் சொன்ன செய்தி

அரசு அளிக்கும் உதவி எல்லாவற்றையும் ஈடுசெய்யுமா? இதற்கும் உமரின் (ரலி) வாழ்வில் விடை உண்டு. கினானா குலத்தைச் சேர்ந்த உமய்யா என்னும் கவிஞர் முதுமையெய்திப் பார்வை மங்கியிருந்தார். அவர் மகன் கிலாப் அறப்போரின் சிறப்பைக் கேட்டு, படையில் சேர்ந்து தொலைநாடு சென்றார். பிரிவாற்றாத தந்தை, முதிய பெற்றோரைத் தனியே விட்டுச் சென்ற மகனை எண்ணிக் கவிதை பாடினார். அது கலீஃபாவின் செவியை எட்டிற்று. உருகிய உமர் (ரலி) உடனே கிலாபைத் திருப்பியனுப்புமாறு ஆணையிட்டார்கள்.

வந்த மகனிடம், தந்தைக்கு எவ்வாறு பணிவிடை செய்தாய் என்று வினவினார்கள். கொழுத்த ஒட்டகத்தைத் தேர்ந்து, அதனை இளைப்பாற விட்டு, மடியைக் குளிரக் கழுவி, பால் கறந்து கொடுப்பது தம் வழக்கம் என்றார் கிலாப். அவ்வாறே கறக்கச் செய்து, முதியவரையும் வரவழைத்தார்கள். தள்ளாடி வந்த உமய்யாவின் கையில் பாற்கிண்ணத்தைக் கொடுத்தார்கள். அதனை வாயருகே கொண்டுசென்ற முதியவர், இப்பாலில் தம் மகனின் கைமணம் வீசுவதாகக் கூறினார். கலீஃபா கண்ணீர் விட்டார்கள். மறைந்திருந்த மகன் தந்தையின் மார்பில் சாய்ந்தார். பெற்றோர் உள்ளளவும் அவர்களுடனேயே தங்கிப் பணிபுரியுமாறு கிலாபுக்குக் கட்டளையிட்டு, அவருக்குரிய உதவித்தொகையும் தொடர்ந்து கிடைக்கச் செய்தார்கள்.

கிலாப் வீண் கேளிக்கைக்காகப் பிரிந்தவர் அல்லர். உயர்ந்த நோக்கத்திற்காகவே சென்றவர். எனினும், ஒரு முதியவரின் தனிமை அந்நோக்கத்தினும் கனத்ததாகக் கலீஃபாவுக்குத் தோன்றிற்று.

நமக்கொரு பாடம்

பத்தாண்டுகளுக்குச் சற்று மேல் ஆட்சி புரிந்த உமர் (ரலி) கி.பி. 644இல், அதிகாலைத் தொழுகையின்போது குத்துண்டு, சில நாட்களில் உயிர் நீத்தார்கள். இறுதி நேரத்திலும், இஸ்லாமிய அரசின் பாதுகாப்பில் வாழும் பிற சமயத்தாருக்கு அளித்த வாக்கைக் காக்குமாறு அடுத்த கலீஃபாவுக்கு அறிவுறுத்திச் சென்றார்கள்.

நம் நாட்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. கைவிட்ட பிள்ளைகளிடம் பெற்றோர் பராமரிப்புத் தொகை கோர அது வழிசெய்துள்ளது. வேண்டத்தக்க சட்டமே அது. ஆயின், சட்டத்தால் பெறக்கூடியது தொகை மட்டுமே.

மாணவச் செல்வங்களே! நும்மில் பலர் நாளை கடல்கடந்து சென்று பொருளீட்டக் கூடும். மாதந்தவறாது பணம் அனுப்பும் நன்மக்களாகவும் விளங்கக் கூடும். அப்பணத்தால் வாங்கிய பால் பெற்றோரின் கிண்ணத்தில் நிறைந்திருக்கலாம். அதில் உங்கள் கைமணம் இருக்குமா என்பதை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். இயன்றபோதெல்லாம் வந்து அவர்கள் அருகே அமருங்கள். சொன்னதையே அவர்கள் மீண்டும் சொன்னாலும் செவிகொடுங்கள். வழியில் நின்று மூதாட்டியின் சொல் கேட்ட கலீஃபாவைவிட நம்முள் யார் நேரமில்லாதவர்?