பனிமலை கடந்த மெகர் சிங்

சோமனூருக்கு அண்மையிலுள்ள சூலூர்த் தளத்தில் விமானங்கள் இறங்குவதை நம் பகுதி மாணவர் பலரும் கண்டிருப்பர். நீண்ட ஓடுபாதையும் தெளிந்த வானமும் விமானிக்குப் பெருந்துணையாகும். பனிமலை நாட்டிலோ இவ்விரண்டும் கிடைப்பது அரிது. பனி மூடிய நிலத்தின்மேல் மேகமும் கவிந்துவிட்டால், வானும் மண்ணும் ஒரே வெண்மையாய்த் தோன்றும், நிழல் விழாது, தரை எவ்வளவு தாழ்வில் உள்ளதென்று கண்ணால் அளக்க இயலாது. உயரத்தில் இருப்பதாக எண்ணித் தரையில் மோதி மாண்ட விமானிகள் உளர். மென்பனியில் சக்கரம் புதைந்து சிறு விமானங்கள் குப்புற வீழ்ந்ததும் உண்டு. இத்தகைய இடர் நிறைந்த மலைவழியைத் துணிந்து திறந்தவர் மெகர் சிங்.

இவர் 1915-ஆம் ஆண்டு, இன்று பாகிஸ்தானில் உள்ள லயால்பூர்ப் பகுதியில் பிறந்தார். இங்கிலாந்தில் விமானப் பயிற்சி பெற்று, 1936-இல் இந்திய விமானப்படையில் அதிகாரியானார். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் ஆற்றிய தொண்டுக்காக, 1944-இல் உயரிய விருது பெற்றார். இளைஞர்கள் அவரைப் பாபா என்று அன்புடன் அழைத்தனர்.

1947-இல் காசுமீரத்தில் போர் மூண்டது. பகைவர் சூழ்ந்த பூஞ்ச் நகரில் உணவின்றி மக்கள் வாடினர். அங்கு அவசரமாக அமைத்த சிறிய ஓடுபாதையில் முதல் விமானத்தை இறக்கியவர் மெகர் சிங்கே. பிறரை ஏவுமுன் தாமே இடரை ஏற்பது அவர் இயல்பு. எண்ணெய் விளக்குகளின் ஒளியைத் துணையாகக் கொண்டு இரவிலும் அங்கு விமானங்கள் இறங்கின.

அடுத்து லடாக்கின் தலைநகராகிய லே நகருக்கு ஆபத்து வந்தது. அந்நகர் 11,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. சோனம் நோர்பு என்னும் பொறியாளர் சிந்து ஆற்றங்கரை மணலில் ஓடுபாதை சமைத்தார். 1948 மே 24-இல், தளபதி திம்மய்யாவை ஏற்றிக்கொண்டு, மெகர் சிங் டக்கோட்டா விமானத்தில் புறப்பட்டார். அவ்வுயரத்துக்கேற்ற வசதிகள் அவ்விமானத்தில் இல்லை. வழிகாட்டும் வரைபடமும் இல்லை. எனினும் பனிச் சிகரங்களைக் கடந்து லேயில் இறங்கினார். பின்னர்ப் படைவீரர்கள் அவ்வழியே சென்று நகரைக் காத்தனர். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பெற்றது.

1948-இல் அவர் படையினின்று விலகினார். 1952 மார்ச்சு 16 இரவு, ஜம்முவிலிருந்து தில்லிக்குப் பறந்துவருகையில் கடும்புயலில் அகப்பட்டு, விமான விபத்தில் உயிர் நீத்தார். 37-ஆம் வயது நிறைய நான்கு நாள்களே எஞ்சியிருந்தன.

வீரர் ஆயினும் புயல் விலகி வழிவிடுவதில்லை. இன்றும் லேக்குச் செல்லும் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே இறங்குகின்றன. வானம் தெளியாவிடின் திரும்பிவிடுகின்றன. அவ்வாறு திரும்புதல் கோழைமை அன்று, அறிவுடைமையே. பிறர் உயிர் காக்கத் துணிதலும், இயற்கையின் வலிமையை மதித்தலும் ஆகிய இரண்டையும் மாணவர்கள் இவ்வீரர் வாழ்வினின்று கற்றல் வேண்டும்.