நிற்காத பஸ், நிற்காத சர்வர்

மக்களே, ஹை அவைலபிலிட்டி, கிளஸ்டர், ஃபெயில்ஓவர்னு கிளாஸ்ல கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போயிருக்கும். இந்தத் தடவை அதையே மதுரையில் வாழ்ந்த ஒருவரின் கதையா பார்ப்போம். சர்வர் என்ற சொல்லை அவர் ஹோட்டலில் மட்டும்தான் கேட்டிருப்பார். பெயர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். பைக்கில் தினமும் பார்க்கிறீங்களே டி.வி.எஸ்., அந்த மூணு எழுத்துக்குச் சொந்தக்காரர்.

பிறந்தது 1877 மார்ச் 22, நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில். பெயரில் உள்ள 'டி' அந்த ஊர்தான். முதலில் வக்கீல், அப்புறம் ரயில்வே, அப்புறம் பேங்க். மூணுமே நிம்மதியான வேலை. மூணையும் விட்டுட்டு 1911-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார், 1912-ல் மதுரையில் பஸ் விட்டார்.

அந்தக் காலத்தை யோசிச்சுப் பாருங்க. ரோடு எல்லாம் மாட்டு வண்டிக்குப் போட்டது. இன்ஜின் பாகம் உடைஞ்சா கப்பலில் வரணும். அப்படிப்பட்ட ரோட்டில் ஓடிய டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்குவாங்கன்னு மதுரைப் பக்கத்துப் பெரியவங்க இன்றும் சொல்வாங்க.

எப்படி முடிந்தது? அவருடைய பஸ் மட்டும் கெட்டுப்போகாத பஸ்ஸா? இல்லை. கெட்டுப்போகும்னு தெரிஞ்சே ஏற்பாடு செய்த மனுஷன் அவர். அவர் தொடங்கிய தொழில்களை வரிசையா பாருங்க. பஸ்ஸும் லாரியும் ஓட்ட சதர்ன் ரோட்வேஸ். தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் ஏற்ற ஒரு தொழிற்சாலை. உதிரி பாகத்துக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ். வண்டி விற்க சுந்தரம் மோட்டார்ஸ். ஒரு பஸ் எந்தெந்த இடத்தில் மாட்டிக்கிட்டு நிற்குமோ, அங்கெல்லாம் அவருடைய ஆள் ஒருத்தர் இருந்தார்.

இப்போ நம்ம சப்ஜெக்ட்டுக்கு வாங்க. ஒரு கம்பெனியின் கணக்கு, ஸ்டாக், சம்பளம், பில் எல்லாம் ஒரே ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேரில் ஓடுது. அது படுத்தால் பில் வராது, பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. 99.9 சதவீதம் ஓடும்னு சொன்னால் பெருமையாத்தான் இருக்கும். ஆனால் வருஷத்துக்கு சுமார் 8 மணி 45 நிமிஷம் படுத்திருக்கும்னு அர்த்தம். 99.99 என்றால் சுமார் 53 நிமிஷம்.

அதனால் ரெண்டு சர்வர் வைக்கிறோம். ஒன்று வேலை செய்யும், இன்னொன்று தயாரா நிற்கும். ரெண்டும் ஹார்ட்பீட் மூலம் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும். முதலாவது பதில் சொல்லாவிட்டால் ரெண்டாவது அதே ஐ.பி. முகவரியை எடுத்துக்கிட்டு வேலையைத் தொடரும். பயன்படுத்துறவருக்கு ஒரு சின்ன தடங்கல், அவ்வளவுதான். ஆனா ரெண்டு சர்வரையும் ஒரே பவர் லைனில், ஒரே ஸ்விட்சில் சொருகி வைத்தால்? பஸ் ரெண்டு, டயர் கடை ஒன்று என்ற கதைதான். ஐயங்கார் வரிசையா தொழில் தொடங்கியது போல, ஸ்டோரேஜ், நெட்வொர்க், மின்சாரம், டேட்டாபேஸ் என்று ஒவ்வொன்றா கேள்வி கேட்கணும்: இது போனால் எது தாங்கும்?

இரண்டாம் உலகப் போரில் அவருக்குப் பெரிய சோதனை வந்தது. பெட்ரோல் தட்டுப்பாடு. பஸ் இருக்கு, டிரைவர் இருக்கார், எரிபொருள் இல்லை. டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற சாதனத்தை வடிவமைத்துத் தயாரித்தார். கரியைக் குறைந்த காற்றில் எரித்து வரும் வாயுவில் இன்ஜின் ஓடும். பெட்ரோல் தரும் இழுவை அதில் கிடைக்காது, கிளப்பவும் நேரம் ஆகும், சாம்பலும் அள்ளணும். ஆனாலும் பஸ் ஓடும். ஸ்டாண்ட்பை சர்வர் கொஞ்சம் மெதுவா இருந்தாலும் பரவாயில்லை, பில் வந்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் ஸ்பேர் வைக்க முடியாதுன்னும் அவர் வாழ்க்கை சொல்லுது. மகள் சௌந்தரம் சின்ன வயதிலேயே கணவரை இழந்தார். அவர் முடங்கிப் போகவில்லை. டெல்லியில் மருத்துவம் படித்து டாக்டரானார், 1940-ல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். திண்டுக்கல் பக்கத்து காந்திகிராமம் இந்த ரெண்டு பேரும் உருவாக்கியது.

கடைசியா, பலரும் கவனிக்காத விஷயம். ஐயங்கார் பொறுப்பை மகன்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். கிளஸ்டரில் இதுதான் கஷ்டமான கட்டம். ஹார்ட்பீட் கேபிள் மட்டும் அறுந்து ரெண்டு சர்வரும் உயிரோடு இருந்தால், ரெண்டுமே நான்தான் தலைன்னு ஒரே டேட்டாவில் எழுத ஆரம்பிக்கும். ஸ்பிளிட் பிரெய்ன் என்பது இதுதான். கணக்கு மொத்தமும் நாசம். யார் தலை என்று ஓட்டுப் போட மூணாவதா ஒரு சாட்சி வேணும். பழைய சர்வரின் கையைக் கட்டிப்போட ஃபென்சிங் வேணும். பொறுப்பைக் கொடுத்த பிறகு ஸ்டியரிங்கை உண்மையிலேயே விட்டுடணும்.

1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் அவர் காலமானார். மதுரையில் ஓடிய அவருடைய பஸ்கள் 1970-களின் தொடக்கத்தில் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகமாக மாறின. முதலாளி மாறினார், பெயர் மாறியது, பஸ் ஓடியது.

தல்லாகுளத்தில் சித்திரை எதிர்சேவை அன்னிக்கு பஸ் எல்லாம் மாற்றுப் பாதையில் போறதைப் பார்த்திருப்பீங்க. முன்கூட்டியே அறிவிச்சிடுவாங்க, வருஷாவருஷம் நடக்கும், அதனால்தான் சமாளிக்க முடியுது. உங்க புராஜெக்ட் கிளஸ்டரையும் அப்படிப் பழக்குங்க. லேபில் ரெண்டு மெஷினில் அமைச்சு, நீங்களே ஒரு நாள் குறிச்சு, ஓடிக்கிட்டிருக்கிற சர்வரின் பவர் கேபிளைப் பிடுங்குங்க. எத்தனை விநாடியில் அடுத்தது எழுந்துச்சு, எந்த என்ட்ரி தொலைஞ்சுதுன்னு எழுதி வையுங்க. அந்தப் பக்கம்தான் உங்க ரிப்போர்ட்டிலேயே உருப்படியான பக்கமா இருக்கும்.