பாண்டித்துரைத் தேவர்

சேதுநாடு எனப் பெயர் பெற்ற இராமநாதபுரச் சீமைக்கு இரண்டு செல்வங்கள் உண்டு. ஒன்று தமிழ், மற்றொன்று கடல். சேதுபதி மன்னர்கள் புலவர்களைப் பேணித் தமிழை வளர்த்தனர். கீழக்கரை, தொண்டி, பாம்பன் முதலிய துறைகளில் வாழ்ந்த மக்கள் தோணிகளில் சரக்கேற்றிச் சென்று, இலங்கையோடும் பிற நாடுகளோடும் வாணிகம் நடத்தினர். ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்விரு செல்வங்களும் தளர்ந்தன. அந்நிலையில் இரண்டையும் புதியதொரு முறையால் காக்க முயன்ற பெருமகனாரே பாண்டித்துரைத் தேவர்.

தேவர் 1867ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் இராமநாதபுரத்தில் பிறந்தார். தந்தையார் பொன்னுசாமித் தேவர், ஆறுமுக நாவலர் முதலிய அறிஞர்கள் அரிய நூல்களை அச்சிட உதவிய வள்ளல். இளமையிலேயே தந்தையை இழந்த பாண்டித்துரையார், தக்க ஆசிரியர்களிடம் தமிழை ஐயமறக் கற்றார். வயது வந்ததும் பாலவனத்தம் ஜமீனின் பொறுப்பை ஏற்றார். விவேகானந்தர் 1893இல் அமெரிக்கா செல்லத் துணைநின்ற பாசுகர சேதுபதி இவருடைய சிறிய தந்தையாரின் மைந்தர். இருவரும் கல்வியிலும் கொடையிலும் ஒத்த உள்ளத்தினர்.

புலவர்க்குப் பரிசில் நல்குவது அக்குடியின் பழைய வழக்கம். பாண்டித்துரையாரும் அவ்வழக்கத்தைப் போற்றினார். உ. வே. சாமிநாதையர் பழைய நூல்களைப் பதிப்பித்தபோது பொருளுதவி புரிந்தார். ஆயினும் அக்கொடையின் எல்லையையும் அவர் உணர்ந்தார். ஒரு வள்ளலின் கொடை அவர் வாழ்நாளோடு முடிந்துவிடும். அவர் மறைந்தால் புலவர் வேறொரு வாயிலைத் தேடிச் செல்லவேண்டும். மதுரையில் சொற்பொழிவாற்றச் சென்ற காலத்தில், திருக்குறளும் கம்பராமாயணமும் பார்ப்பதற்கு எளிதில் கிடைக்கவில்லை என்றும், தமிழ் வளர்த்த மாநகருக்கு இந்நிலை வந்ததே என அவர் வருந்தினார் என்றும் கூறுவர். அவ்வருத்தம் ஒரு செயலாக மலர்ந்தது. 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது.

அச்சங்கம் புலவர் கூடிப் பாடிக் கலையும் அவையாக மட்டும் அமையவில்லை. மாணவர் பயிலச் செந்தமிழ்க் கலாசாலை, நூல்களைத் திரட்டிக் காக்கப் பாண்டியன் புத்தகசாலை, அவற்றை வெளியிட அச்சுக்கூடம், ஆராய்ச்சியைப் பரப்பச் செந்தமிழ் என்னும் திங்களிதழ், கற்றவரின் தகுதியை அளந்து பட்டம் வழங்கத் தேர்வுகள் என ஐந்து உறுப்புகள் அதற்கு அமைந்தன. ஓர் உறுப்பின் பணி மற்றோர் உறுப்புக்கு உணவாயிற்று. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி, அச்சிடுவார் இன்றிக் கிடந்தது. அப்பெருங் கலைக்களஞ்சியம் 1910இல் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாகவே வெளிவந்தது. தனி ஒருவரின் கொடையை நிலைத்த நிறுவனமாக மாற்றியதே தேவர் கண்ட புதுமை.

இனிக் கடலின் கதையைக் காண்போம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் கப்பல் வழி 1914இல்தான் திறக்கப்பட்டது. அதற்குமுன் கொழும்புக்குச் செல்வோர்க்குத் தூத்துக்குடியே முதன்மையான வாயில். அவ்வழியில் நீராவிக் கப்பல் விடும் வாணிகம் ஆங்கிலக் கம்பெனி ஒன்றின் கையில் இருந்தது. தோணி வாங்க ஒரு வணிகரின் முதல் போதும். நீராவிக் கப்பல் வாங்க அது போதாது. எனவே பலரும் பங்கு சேர்ந்து முதல் திரட்டுவதே வழி என வழக்கறிஞர் வ. உ. சிதம்பரனார் கண்டார். 1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. முதல் பத்து இலட்சம் ரூபாய். அது இருபத்தைந்து ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பகுக்கப்பட்டது. செல்வரோடு சிறுவணிகரும் கப்பலுக்கு உரியவராகும் ஏற்பாடு இது. இச்சங்கத்திற்குத் தலைவராயிருக்கப் பாண்டித்துரையார் இசைந்தார்.

அவ்விசைவு எளிதன்று. ஜமீன்தார்கள் ஆங்கில அரசாங்கத்தின் நல்லெண்ணத்தை நாடி வாழ்ந்த காலம் அது. ஆங்கிலக் கம்பெனியை எதிர்க்கும் முயற்சிக்குத் தலைமை ஏற்பது, அரசாங்கத்தின் சினத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். எனினும் தேவர் தம் பெயரையும் செல்வாக்கையும் பொது முயற்சிக்குப் பிணையாக வைத்தார்.

முதலில் வாடகைக்கு எடுத்த கப்பல்கள் எதிராளியின் நெருக்கடியால் நின்றன. சிதம்பரனார் ஊர் ஊராகச் சென்று பங்கு திரட்டினார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்தன. மக்கள் அவற்றையே விரும்பி ஏறினர். ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. பின்னர்க் கட்டணமே இன்றி ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. பெருமுதல் உடையவர் பல திங்கள் நட்டத்தைத் தாங்குவர். சிறுமுதல் உடையவர் தாங்குதல் அரிது. 1908ஆம் ஆண்டு மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். தொழிலை இயக்கிய கை கட்டுண்டதும் சங்கம் தளர்ந்து, 1911இல் கலைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள், நாற்பத்துநான்காம் வயதில், பாண்டித்துரையாரும் மறைந்தார்.

தேவர் துணைநின்ற இரு சங்கங்களில் ஒன்று அழிந்தது, ஒன்று நின்றது. தமிழ்ச் சங்கத்தில் ஒருவர் மறைந்தால் அடுத்தவர் பணியைத் தொடர இடமிருந்தது. இதழின் முதல் ஆசிரியர் இரா. இராகவையங்காருக்குப் பின் மு. இராகவையங்கார் அப்பொறுப்பை ஏற்றார். நாவாய்ச் சங்கத்திலோ ஒருவரின் உழைப்பே அச்சாணியாக இருந்தது. அது கழன்றதும் தேர் நின்றது. நல்ல நோக்கமும் திரண்ட பொருளும் மட்டும் ஒரு தொழிலை வாழ்விக்கமாட்டா. பொறுப்பைப் பலர் பகிர்ந்து சுமக்கும் அமைப்பும் வேண்டும் என்பதை இவ்விரண்டும் ஒருங்கே உணர்த்துகின்றன.

ஆயினும் அழிந்த முயற்சியை வீண் எனல் தகாது. இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு வாங்கியவர்கள், தாங்களும் கப்பலுக்கு உரியவராகலாம் என்னும் துணிவைப் பெற்றனர். கொடுப்பது மட்டுமே கொடையன்று. பலரும் கூடி உழைப்பதற்கு ஓர் இடம் அமைத்தலும் கொடையே. அக்கொடையைத் தமிழுக்கும் தொழிலுக்கும் ஒருசேர அளித்த பாண்டித்துரைத் தேவரின் பெயர், சேதுநாட்டின் புகழோடு நின்று நிலவுவதாகும்.