மன்னார்க் கோட்டையைப் பறித்த ஒல்லாந்தத் தளபதி: றிக்லொவ் வன் கோயன்ஸ்

மன்னார்ப் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்ததும் தெரியும் நாற்கோணக் கோட்டையை 1560இல் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். கிட்டத்தட்ட நூறு வருடம் அது அவர்கள் கையில் இருந்தது. 1658 பெப்ரவரியில் அதைப் பறித்தவர் றிக்லொவ் வன் கோயன்ஸ். பாடப்புத்தகம் அவரை யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறது. இந்தக் கரையின் அடுத்த 137 வருடங்களுக்கு அடித்தளம் போட்டவர் அவர்தான்.

இன்றைய ஜேர்மனியில் உள்ள றீஸ் என்ற ஊரில் 1619இல் பிறந்தார். தகப்பன் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் படையாள். பத்து வயதளவில் பெற்றோருடன் பத்தேவியாவுக்குக் கப்பலேறினார். அங்கு கொஞ்ச நாளிலேயே இருவரும் இறந்துபோக, அநாதைச் சிறுவன் சோழமண்டலக் கரையின் ஒல்லாந்த ஆளுநரிடம், பழவேற்காட்டுக்கு அனுப்பப்பட்டான். பின்னாளில் தமிழ்க் கரையோரத்தின் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தவர் வளர்ந்ததும் ஒரு தமிழ்க் கரையில்தான். படைக்கல்லூரி எதிலும் படித்தவரல்ல. உதவியாளராகத் தொடங்கி, வணிகராகி, யாவாவின் மதராம் அரசவைக்குப் பலமுறை தூது போய்த்தான் மேலே வந்தார்.

கணக்கெழுதும் வணிகர் எப்படிப் படைநடத்த முடியும் என்று கேட்கலாம். அந்தக் கம்பனியே அப்படிப்பட்டதுதான். 1602ஆம் ஆண்டுப் பட்டயம் அதற்குப் படை வைத்திருக்கவும், கோட்டை கட்டவும், உடன்படிக்கை செய்யவும் உரிமை கொடுத்திருந்தது. ஒல்லாந்தில் 17 பணிப்பாளர்கள், பத்தேவியாவில் ஆளுநர் நாயகமும் அவரது சபையும், அதன்கீழ் இடத்துக்கிடம் ஆளுநர்கள். சம்பளத்துக்குச் சேர்ந்த படையாட்களில் ஜேர்மனியர் ஏராளம். கப்பலில் பீரங்கி இயக்கிய மாலுமிகளே முற்றுகையின்போது பீரங்கியைக் கரையிறக்கி இயக்கினார்கள். மிளகும் கறுவாவும் போலவே வெடிமருந்தும் கம்பனிக்குக் கணக்குப் புத்தகத்து விடயம்.

இலங்கைக்குள் அவர்கள் வந்ததோ கூட்டாளிகளாக. போர்த்துக்கேயரை விரட்ட 1638இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் அவர்களோடு உடன்படிக்கை செய்தான். போர்ச் செலவு மன்னனுடையது. பிடிபடும் கோட்டைகளில் மன்னன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தப் படை நிற்கும் என்ற நிபந்தனை மன்னனுக்குக் கொடுத்த பிரதியில் இருந்தது; ஒல்லாந்தப் பிரதியில் இல்லை. 1656இல் கொழும்பு விழுந்தபோது மன்னனை உள்ளே விடவில்லை. கூட்டணி என்ற பெயரில் அந்நியப் பீரங்கியை அழைப்பவர்கள் முதலில் படித்துப் பார்க்கவேண்டியது இந்த இரண்டு பிரதிகளைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வன் கோயன்ஸ் 1658இன் தொடக்கத்தில் தூத்துக்குடியைப் பிடித்துவிட்டு மன்னாருக்குத் திரும்பினார். இங்கே கடல் ஆழமில்லை. பெரிய கப்பல் கரைக்கு வராது. போர்த்துக்கேயர் கரையில் அகழி வெட்டிக் காத்திருந்தார்கள். பீரங்கிச் சூட்டின் மறைவில் சிறு கலங்களில் ஆட்கள் இறக்கப்பட்டார்கள். கரை போனபின் கோட்டை அதிக நாள் தாங்கவில்லை. தப்பிய போர்த்துக்கேயர் யாழ்ப்பாணம் ஓட, ஒல்லாந்தப் படை பெருநிலப்பரப்பால் நடந்து, கடல்நீரேரியைக் கடந்து குடாநாட்டுக்குள் நுழைந்தது. படையோடு வந்த பல்தேயஸ் பாதிரியார் பிறகு இதையெல்லாம் நூலாக எழுதினார். 1672இல் அது வெளிவந்தது.

ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை தண்ணீர் இல்லாமல் பணிந்தது. யாழ்ப்பாணக் கோட்டை மூன்று மாதத்துக்கு மேல் நின்றது. மதிலை இடிக்க நேராகச் சுடும் பீரங்கி. மதிலுக்கு அப்பால் இருப்பவர்களுக்கு உயர எழும்பிக் கூரைமேல் விழும் மோட்டார்க் குண்டு. எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உள்ளே படையாட்களோடு பெண்களும் குழந்தைகளும் அடைபட்டிருந்தார்கள். குண்டைவிடப் பசியும் நோயும்தான் அதிகம் கொன்றன. ஜூன் கடைசியில் கோட்டை சரணடைந்தது. ஜூலையில் நாகபட்டினம், 1663இல் கொச்சி.

அதே 1658இல் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை வந்தது. அவர்களுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை. மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் சிலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனது 1670இல் என்கிறது மடுவின் மரபு. அப்போது இலங்கையின் ஒல்லாந்த ஆளுநர் வன் கோயன்ஸ். 1999 நவம்பரில் மடுத் தேவாலயத்தில் தஞ்சமிருந்தவர்கள் மீது எறிகணை வீழ்ந்ததையும், 2008 ஏப்ரலில் அதே சிலை தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்ததையும் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது.

ஆளுநராக அவர் கண்டி இராச்சியத்துக்குள்ளும் படையை நகர்த்தினார். இராஜசிங்கன் திருப்பி அடித்தான். கம்பனியின் ஆசியத் தலைமையிடமாக இலங்கையே இருக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். செலவு தாங்காது என்றது பத்தேவியா. 1672இல் திருகோணமலைக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படையையும் அவரே விரட்டினார். 1675இல் ஆளுநர் பதவி அவருடைய மகனுக்குப் போனது. 1678இல் ஆளுநர் நாயகமானார். மூன்று வருடத்தில் பதவி விட்டு ஊர் திரும்பி, 1682 நவம்பரில் அம்ஸ்ரர்டாமில் இறந்தார்.

மன்னார்க் கோட்டையை ஒல்லாந்தர் 1696இல் திருத்திக் கட்டினார்கள். 1795இல் அது பிரித்தானியர் கைக்குப் போனது. அதற்கு நான்கு வருடம் கழித்துக் கம்பனியும் கலைக்கப்பட்டது.