டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

செப்சிஸ் என்பது கொடிய நோய். கிருமி உடலிற் பரவ, அதனை எதிர்த்தெழும் உடலாற்றலே நெறி பிறழ்ந்து தன் உறுப்புக்களைச் சிதைப்பது அது. நடுக்கம், மூச்சிரைப்பு, அறிவுத் தடுமாற்றம், இரத்த அழுத்தத் தாழ்வு ஆகியன அதன் குறிகள். மருத்துவர் குருதியை எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு விடுப்பர். விடை வர இரண்டொரு நாளாகும். நோயோ அதுகாறும் பொறாது. ஆதலின், பகைவன் இன்னான் என்று அறியுமுன்னரே பலவகைக் கிருமிகளையும் ஒருங்கே தாக்கும் மருந்தைச் செலுத்துவர். அத்தகைய மருந்துகளுள் முற்பட்டதொன்று பிறந்த ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர், சென்னையிற் பயின்ற சுப்பாராவ் ஆவர்.

அவர் 1895 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆம் நாள், அக்காலத்தே சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் பிறந்தனர். இருமுறை தவறி, மூன்றாம் முறையே பள்ளியிறுதித் தேர்வில் தேறினர் என்பது எம்மனோர்க்குப் பெரிதும் ஆறுதல் தருஞ் செய்தி! பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தனர். கதரங்கி அணிந்து அறுவைக் கூடம் புகுந்தமை ஆங்கிலப் பேராசிரியர்க்கு வெறுப்பை விளைத்தது, எம்.பி.பி.எஸ். கிட்டாது, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. உடன்பிறந்தார் இருவர் ஸ்புரு என்னும் குடல்நோயாற் சின்னாள் இடைவெளியில் மாண்டனர். அத்துயரை அவர் என்றும் மறந்திலர்.

1923 இல் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரை அடைந்தார். கையிற் பொருளில்லை. பட்டம் பெற்ற அம்மருத்துவர், மருத்துவமனையொன்றில் இரவு ஏவலராய் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவினர். ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்து, 1925 இல் பிஸ்கே என்பவரோடு குருதியிலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறை கண்டார். 1940 இல் லெடர்லி நிறுவனத்தை அடைந்தபின், போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கும் பணியை நடத்தினார். தம்முடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்புருவுக்கு அது மருந்தாயிற்று.

அவர் தலைமையில் உழைத்த பெஞ்சமின் டக்கர் என்னும் எழுபது கடந்த தாவர நூலறிஞர், மிசௌரி மண்ணில் வாழ்ந்த பொன்னிற நுண்ணுயிர் ஒன்றினின்று ஆரியோமைசினைக் கண்டனர். பென்சிலின் தொடாத கிருமிகள் பலவற்றையும் அது அடக்கியது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் தலைமகவு அதுவே. 1948 இல் அது வெளிப்போந்தது. அவ்வாண்டே ஆகஸ்டில், ஐம்பத்து மூன்றாம் வயதில், தாய்நாடு திரும்பாமலே சுப்பாராவ் உயிர் நீத்தார்.

இன்று செப்சிஸுக்கு முதற்கண் இடுவன பெரும்பாலும் வேறு புது மருந்துகளே. எனினும் அக்குடும்பத்து டாக்சிசைக்ளினை யான் நன்கறிவேன். ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் நெறியிலுள்ள எங்கள் உத்தனப்பள்ளியில், புதரோரம் புல்லறுத்து வந்த என் அத்தை ஆறுநாள் காய்ச்சலிற் கிடந்து பிதற்றத் தொடங்கினார். மருத்துவர் அவர்தம் அக்குளிற் கறுத்த பொருக்கொன்று கண்டு, உண்ணிக் காய்ச்சல் எனத் துணிந்து, சோதனை விடைக்குக் காத்திராது அம்மருந்தைத் தந்தனர். மூன்றாம் நாள் அத்தை கஞ்சி கேட்டார்.