அணுவை ஆட வைத்த மளிகைக்கடைக்காரர் மகன்

1987-ம் ஆண்டில் ஒரு நாள். 90 வயதை நெருங்கிய முதியவர் ஒருவரைக் காந்த எந்திரத்தின் குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். அவர் உடம்பின் உள்ளே படம் எடுப்பதற்காக!

அந்த எந்திரத்துக்கு வித்திட்டவரே அவர்தான். பெயர், ஐசிடோர் ஐசக் ராபி.

தாயின் கேள்வி

ராபி 1898-ம் ஆண்டு ஜுலை 29-ந் தேதி பிறந்தார். ஊர் ரிமனுவ். அன்று அது ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் இருந்தது. இன்று போலந்தில் உள்ளது.

ஏழை யூதக் குடும்பம். பிழைப்புத் தேடித் தந்தை அமெரிக்கா போனார். கைக்குழந்தையுடன் தாயும் பின்னால் சென்றார். நியூயார்க்கில் தந்தை தையற்கூடத்தில் வேலை பார்த்தார். பிறகு சிறு மளிகைக்கடை வைத்தார்.

பள்ளியிலிருந்து வரும் மகனிடம், என்ன படித்தாய் என்று தாய் கேட்பதில்லை. நல்ல கேள்வி கேட்டாயா என்றுதான் கேட்பார். தாம் விஞ்ஞானி ஆனதற்கு அதுவே காரணம் என்று ராபி பின்னாளில் சொன்னார்.

ஊஞ்சலும் அணுவும்

ராபி 1927-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஜெர்மனியில் ஆட்டோ ஸ்டெர்ன் என்ற மேதையிடம் வேலை கற்றார். 1929-ல் கொலம்பியாவுக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

அணுவின் நடுவே கரு இருக்கிறது. பல அணுக்களின் கரு, சின்னஞ்சிறு காந்தம் போன்றது. பெரிய காந்தத்தின் அருகே வைத்தால் அது பம்பரம் போலத் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்துக்கு ஒரு வேகம் உண்டு.

ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்றபடி தள்ளினால் உயரப் போகும் அல்லவா? அதுபோல, அதே வேகத்தில் ரேடியோ அலையைச் செலுத்தினால் கரு புரண்டுவிடும். அதைக் கொண்டு கருவின் காந்த பலத்தைத் துல்லியமாக அளக்கலாம். 1938-ல் ராபி இதை வெளியிட்டார். 1944-ம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

குண்டு வேண்டாம்

அப்போது உலக யுத்தம். ராபி ரேடார் ஆராய்ச்சியில் இருந்தார். அணுகுண்டு நிலையத்தின் துணைத்தலைவராக வரும்படி ஓப்பன்ஹைமர் அழைத்தார். 300 ஆண்டுக்கால விஞ்ஞானத்தின் முடிவு ஒரு குண்டா என்று ராபி தயங்கினார், பதவியை மறுத்தார். ஆனாலும் ஆலோசனை கூறினார். 1949-ல் ஹைட்ரஜன் குண்டு கூடாது என்று பெர்மியுடன் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்.

ஈரலும் மூளையும்

1946-ல் பிளாக், பர்செல் இருவரும் தனித்தனியே ராபியின் வழியை மேலும் வளர்த்தார்கள். 1973-ல் லாட்டர்பர் அதைக் கொண்டு படம் எடுத்துக் காட்டினார். அதுவே இன்றைய எம்.ஆர்.ஐ.

இன்று அது படம் மட்டும் எடுப்பதில்லை; அளந்தும் சொல்கிறது. நீரில் உள்ள கருவும் கொழுப்பில் உள்ள கருவும் சற்றே வேறு வேகத்தில் ஆடும். அதை வைத்து, ஈரலில் 100-க்கு எத்தனை பங்கு கொழுப்பு என்று ஊசி குத்தாமலே கணக்கிடலாம். சுமார் 5 பங்கைத் தாண்டினால் கொழுப்பு ஈரல்.

அடிக்கடி ரத்தம் ஏற்றும் தலசீமியா குழந்தைகளின் ஈரலில் இரும்பு சேரும். இரும்பு மிகுந்தால் அணுக்கருக்கள் தரும் ரேடியோக் குறி சீக்கிரம் மங்கும். அந்த நேரத்தை அளந்து இரும்பின் அளவை அறிகிறார்கள். மூளையில் நரம்பின் மேலுறை சிதைந்தாலும் இத்தகைய நேரங்கள் மாறும்.

குழாய்க்குள் தெரிந்த முகம்

எந்திரத்தினுள் படுத்திருந்த ராபி, அதன் பளபளப்பான உட்புறத்தில் தம் முகத்தைக் கண்டார். தம் வேலை இதில் வந்து முடியும் என்று நினைக்கவே இல்லை என்றார்.

1988-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி ராபி காலமானார். பயன் எதையும் எதிர்பாராமல் அவர் கேட்ட கேள்வி, இன்றும் நோயாளிகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.