பிரித்துப் பார், பூட்டிப் பார்!

ஜி.டி. நாயுடு அவர்களின் பெயரை அறியாதவர் கொங்கு நாட்டில் இல்லை. ஆனால், அவர் கல்லூரிப் படிப்பே இல்லாதவர் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

1893 மார்ச் 23ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் பாடத்தில் அவர் மனம் ஒட்டவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. அதை வாங்குவதற்காகவே கோவையில் ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வண்டி கைக்கு வந்ததும் அக்கக்காகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவருக்குப் பள்ளிக்கூடம்.

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்துடன் தொழில் தொடங்கினார். அது யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து பீளமேட்டில் மின்மோட்டார் தயாரித்தார். மின்சாரச் சவரக் கருவியும் செய்தார். 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகக் காரணமானார். நான்காண்டுப் படிப்புக்கு இரண்டாண்டே போதும் என்றார். அரசு ஏற்காததால் முதல்வர் பதவியைத் துறந்தார். 'ஹோப்ஸ் காலேஜ்' என்ற நிறுத்தத்தின் பெயரில் அக்கதை இன்றும் வாழ்கிறது. 1974 ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார்.

அவர் கற்ற வழி மட்டும் மறையவில்லை. 1965இல் அமெரிக்காவில் வெளிவந்த பி.டி.பி.-8 என்னும் சிறுகணினியை இன்று பல நாட்டு ஆர்வலர்கள் புதிய பாகங்களைக் கொண்டு மீண்டும் செய்து பார்க்கிறார்கள். அதன் முகப்பில் வரிசையாக விசைகளும் விளக்குகளும் உண்டு. விசைகளால் 12 பிட்டுகளை அமைத்து ஏற்றினால், அவை நினைவகத்தில் சேர்வதை விளக்குகள் காட்டும். நம் நாட்டிலும் ஐதராபாத் இ.சி.ஐ.எல். நிறுவனம் 1969இல் டி.டி.சி.-12 என்ற 12 பிட் கணினியை வெளியிட்டது. கணினி எப்படி எண்ணுகிறது என்பதை இத்தகைய பொறிகளில் கண்ணால் காணலாம். நம் கைப்பேசியிலோ எல்லாம் மூடிக் கிடக்கிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை சுமக்கிறார். பட்டம் வாங்கிவிட்டால் மகன் கரையேறிவிடுவான் என்பது அவர் நம்பிக்கை. அந்தப் பட்டத்துக்குப் பின்னால் ஒரு தொழிலறிவும் இருக்க வேண்டுமே என்பது என் கவலை. நாயுடு அவர்களின் வாழ்க்கை அதற்கு வழி காட்டுகிறது.

மாணவ நண்பர்களே! வீட்டில் ஓடாத பழைய ரேடியோவோ மின்விசிறியோ இருந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன், மின் இணைப்பை நீக்கிவிட்டு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். மறக்காமல் பூட்டியும் பாருங்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.